பத்திரிகை ஓவியரின் நெகடிவ் பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

பழம்பொருள் சேகரிப்பைப் பற்றிய இப்பகுதியில் சென்ற இதழில், அமெரிக்கப் பத்திரிகை ஓவியர்கள் தங்கள் ஸ்டூடியோவில் எடுத்துவைத்த ஒளிப்பட நெகடிவ்களைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். கதைக்கோ அட்டைக்கோ படம் வரைவதற்கு முன்னால், மாடல்களை நிற்கவைத்தும் உட்காரவைத்தும் எடுத்துக்கொண்ட படங்கள் அவை. அதைப் படித்தவர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து சில கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நியூ ஜெர்சி வாசகர்: வணக்கம் ஐயா. எங்கள் ஊரில் வயதான ஓவியர் ஒருவர் காலமானபின் அவர் வீட்டுப் பொருள்களைப் பிள்ளைகள் விற்றார்கள். அதில் ஓர் அட்டைப்பெட்டியை வாங்கினேன். பழுப்பு உறைகளில் 4×5 அங்குல நெகடிவ்கள் இருக்கின்றன. உறைமேல் பென்சிலில் ஏதோ எழுத்தும் எண்ணும் தெரிகின்றன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், சாதாரண உடையில் இருப்பவர்கள் விசித்திரமான நிலைகளில் நிற்கிறார்கள். இவற்றுக்கு மதிப்பு உண்டா? முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் எதையும் கலைக்காதீர்கள். பெட்டி உங்கள் கைக்கு வந்தபோது எந்த உறைக்குப் பின் எந்த உறை இருந்ததோ, அந்த வரிசையை மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வோர் உறையாக வெளியே எடுத்து, அதன் முன்புறத்தையும் பின்புறத்தையும் படமெடுத்து, வரிசை எண் ஒன்றைக் கொடுங்கள். நெகடிவ்களை வெளியே எடுப்பது அதற்கப்புறம் செய்ய வேண்டிய வேலை.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 1930களிலிருந்து 1950கள் வரை அமெரிக்க வார, மாத இதழ்களில் சிறுகதைக்கும் தொடர்கதைக்கும் விளம்பரத்துக்கும் ஓவியர்களே படம் போட்டார்கள். 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்', 'காலியர்ஸ்', 'லேடீஸ் ஹோம் ஜர்னல்', 'மெக்கால்ஸ்' போன்ற இதழ்கள் இலட்சக்கணக்கில் விற்ற காலம் அது. இதழ் அச்சேறும் நாள் தள்ளிப்போகாது. மாடலுக்கோ மணிக்கணக்கில் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆகவே மாடலைச் சிறிது நேரம் வரவழைத்து, வேண்டிய நிலைகளையெல்லாம் ஒளிப்படமாக எடுத்துக்கொண்டு, பிறகு அச்சுப்பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாக வரைவது பலருக்கும் வழக்கமாயிற்று. நியூயார்க்கில் சார்லஸ் கூப்பர் நடத்திய ஸ்டூடியோவைப் போன்ற பெரிய இடங்களில் இதற்கென்றே ஒளிப்படக்காரர்கள் இருந்தார்கள். தனியாக வேலை செய்தவர்கள் தாங்களே எடுத்தார்கள், அல்லது மனைவியிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ கேமராவைக் கொடுத்தார்கள்.

அப்படி எடுத்த ஒரு வேலையின் நெகடிவ்கள் பெரும்பாலும் ஒரே உறைக்குள் போயின. உறைமேல் உள்ள பென்சில் எழுத்தில் இதழின் பெயர்ச்சுருக்கம், கதாசிரியரின் பெயர், படத்தைக் கொடுக்க வேண்டிய தேதி, மாடலின் பெயர், அவருக்குக் கொடுத்த தொகை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். நெகடிவுக்குள் இருப்பவர் ஏன் கையை அப்படி நீட்டிக்கொண்டு நிற்கிறார் என்பதற்கு விடை அந்த உறையில்தான் இருக்கிறது. உறையை எறிந்துவிட்டால் மிஞ்சுவது, யாரென்று தெரியாத ஒருவர் காரணம் தெரியாமல் கையை நீட்டும் படம் மட்டுமே. எனவே மதிப்பு உண்டா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: பெட்டி முழுமையாக இருக்கும்வரை உண்டு, அச்சான ஓவியத்தோடு சேர்த்துக் காட்ட முடிந்தால் மிகவும் உண்டு.

பழைய உறையில் ஒட்டியிருக்கும் பசை நெகடிவைக் கறையாக்கும் என்பதால், நெகடிவ்களைப் புதிய உறைக்கு மாற்றத்தான் வேண்டும். ஆனால் பழைய உறையை அதன் எண்ணோடு தனிப்பெட்டியில் வைத்திருங்கள். ரப்பர் பேண்டு போட்ட கட்டுகள் இருந்தால் முதலில் அந்த ரப்பரைக் கழற்றுங்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

தஞ்சாவூர் வாசகர்: நான் ஓவியக் கல்லூரியில் படிக்கிறேன். ஒளிப்படத்தைப் பார்த்து வரைந்தவை நகல்கள்தாமே? நகலுக்கு மூலமாக இருந்த நெகடிவை ஏன் போற்ற வேண்டும்?

இந்தச் சந்தேகம், அமெரிக்க இதழ் அட்டைகளை வரைந்து பெயர்பெற்ற நார்மன் ராக்வெல்லுக்கே இருந்தது. 1894இல் பிறந்த அவர், 1916இல் 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' (சுருக்கமாக 'போஸ்ட்') இதழுக்கு முதல் அட்டை வரைந்தபோதும் அதற்குப் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகளும் உயிருள்ள மாடல்களை எதிரே நிறுத்தியே வரைந்தார். 1930களின் நடுவில் அவர் ஒளிப்படத்துக்கு மாறியபோது, தொழிலுக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. சக ஓவியர்கள் சிலரும் அதை ஏற்கவில்லை. ஆனால் மாறிய பிறகு அவர் பின்வாங்கவில்லை. வெர்மான்ட் மாநிலத்து ஆர்லிங்டனிலும், 1953 முதல் மாசச்சூசெட்ஸின் ஸ்டாக்பிரிட்ஜிலும் வாழ்ந்த காலத்தில், அவருடைய அண்டை அயலார்தாம் அவருடைய மாடல்கள். ஷட்டரை அழுத்தியவர் அவரல்லர். ஜீன் பெல்ஹாம், பில் ஸ்கோவில், லூயி லமோன் ஆகியோர் அவருக்காகப் படமெடுத்தார்கள். ராக்வெல் கேமராவின் பக்கத்தில் நின்று, முகத்தை எப்படிச் சுளிக்க வேண்டும், புருவத்தை எங்கே தூக்க வேண்டும் என்று தாமே நடித்துக் காட்டினார்.

நெகடிவையும் ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். 1958 செப்டம்பர் 20 தேதியிட்ட 'போஸ்ட்' அட்டையில், வீட்டைவிட்டு ஓடிவந்த சிறுவன் ஒருவன் போலீஸ்காரர் பக்கத்தில் உணவகத்தின் உயர்ந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கிறான். ஒளிப்படம் எடுத்தது பிட்ஸ்ஃபீல்டு நகரில் இருந்த ஹோவர்டு ஜான்சன் உணவகத்தில். ஓவியத்திலோ அந்த நாகரிகமான உணவகம் போய், ஊருக்கு வெளியே இருக்கும் எளிய சாப்பாட்டுக் கடை வந்திருக்கிறது. சிறுவன் கொஞ்ச தூரமாவது ஓடி வந்திருக்கிறான் என்று நமக்குத் தோன்ற வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம் அது. 1954 மார்ச்சில் வந்த அட்டையில், கண்ணாடி முன் உட்கார்ந்து தன்னைப் பார்த்துக்கொள்ளும் சிறுமியின் மடியில் நடிகை ஒருத்தியின் படம் இருக்கும் இதழைச் சேர்த்தார். பின்னாளில் அந்த நடிகையின் படத்தைச் சேர்த்திருக்கக் கூடாது என்று அவரே வருந்தினார். அந்தச் சிறுமி யாரோடும் தன்னை ஒப்பிட்டுக்கொள்ளவில்லை, தன்னைத்தான் அளந்து பார்க்கிறாள் என்பது அவருக்குப் பிறகு புலப்பட்ட உண்மை.

இன்னோர் எடுத்துக்காட்டும் சொல்லியாக வேண்டும். 1960 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸ் நகரில், வெள்ளையர் மட்டும் படித்த பள்ளிக்கு மார்ஷல்கள் எனப்படும் கூட்டரசுக் காவலர்களின் பாதுகாப்போடு நடந்துபோன ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸை ராக்வெல் வரைந்தார். அந்த ஓவியம் 1964 ஜனவரியில் 'லுக்' இதழில் வெளிவந்தது. மாடலாக நின்றது ஸ்டாக்பிரிட்ஜில் வாழ்ந்த வேறொரு சிறுமி. நடக்கும் பாவனை கலையாதிருக்கக் காலுக்கடியில் மரக்கட்டை வைத்து அவளை நிற்கச் செய்து படமெடுத்தார்கள். ஓவியத்தில் கட்டை இல்லை. அடியெடுத்து வைக்கும் கால் மட்டும் இருக்கிறது. மார்ஷல்களின் தலைகள் படச்சட்டத்துக்கு வெளியே போய்விட்டன, சுவரில் இழிசொல்லும் எறிந்த தக்காளியின் கறையும் வந்து சேர்ந்தன. கேமரா கொடுத்ததில் எதை வைத்துக்கொண்டார், எதைத் தள்ளினார், எதைப் புதிதாகச் சேர்த்தார் என்று ஓவியரின் மனம் வேலை செய்த வழியை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. ஓவியம் கற்கும் உங்களைப் போன்றவர்கள்தாம் இந்த நெகடிவ்களை முதலில் பார்க்க வேண்டும்.

சென்னை வாசகர்: பழைய பொருள் வியாபாரி ஒருவரிடம், அமெரிக்காவிலிருந்து வந்ததாகச் சொல்லி ஒரு கட்டு நெகடிவ் வாங்கினேன். சிலவற்றில் வினிகர் வாடை வருகிறது. சில மஞ்சளாகிப் பிசுபிசுக்கின்றன. ஆபத்து ஏதும் உண்டா? இந்த ஊர்ப் புழுக்கத்தில் எப்படிக் காப்பது?

நீங்கள் சொல்லும் இரண்டும் இரண்டு வேறு நோய்கள். அவற்றில் ஒன்று ஆபத்தானது.

மஞ்சளாகிப் பிசுபிசுப்பது நைட்ரேட் பிலிமாக, அதாவது செல்லுலோஸ் நைட்ரேட்டைக் கொண்டு செய்த பழைய வகைப் பிலிமாக இருக்கலாம். அது எளிதில் தீப்பற்றும். எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளிவிடுவதால், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. 1929 மே மாதம் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் நைட்ரேட் எக்ஸ்ரே பிலிம்கள் எரிந்தபோது கிளம்பிய நச்சுப்புகையில் 123 பேர் இறந்தார்கள். கோடக் நிறுவனம் ஸ்டூடியோக்களுக்கான நைட்ரேட் ஷீட் பிலிமை (தனித்தனித் தாளாக வருவது) 1939 வரையிலும், சில அளவு ரோல் பிலிமை 1950 வரையிலும் தயாரித்தது. ஆகவே 1930களில் வேலை செய்த ஓவியரின் பெட்டியில் அது இருப்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு.

கண்டுபிடிக்கச் சில வழிகள் இருக்கின்றன. ஓரத்தில் 'சேஃப்டி' என்ற ஆங்கிலச் சொல் அச்சாகியிருந்தால் அது நைட்ரேட் அன்று. கோடக்கின் ஷீட் பிலிமில் ஒரு மூலையில் வெட்டுத்தடங்கள் இருக்கும். 1949க்கு முந்தைய பிலிம்களில், விளிம்பிலிருந்து முதல் தடம் கூர்மையாக ஆங்கில 'வி' எழுத்தைப் போல இருந்தால் நைட்ரேட், வளைவாக 'யு' எழுத்தைப் போல இருந்தால் எளிதில் தீப்பற்றாத சேஃப்டி பிலிம். ஓரத்தைக் கத்தரித்துக் கொளுத்திப் பார்க்கச் சிலர் யோசனை சொல்வார்கள். வீட்டில் ஒருபோதும் அதைச் செய்யாதீர்கள். நைட்ரேட் என்று சந்தேகம் வந்த ஒவ்வொன்றையும் தாள் உறையில் தனித்தனியாகப் போட்டு, மற்றவற்றிலிருந்து பிரித்து, அடுப்பும் வெயிலும் மின்சாதனச் சூடும் அண்டாத குளிர்ச்சியான இடத்தில், காற்று போய்வரும் அட்டைப்பெட்டியில் வையுங்கள். காற்றுப்புகாத டப்பாவில் அடைத்தால் வெளிவரும் அமிலம் உள்ளேயே தங்கிச் சிதைவை விரைவாக்கும். கூழாகியோ பழுப்புத் தூளாகியோ விட்டவற்றைக் குப்பையில் போடாமல், தீயணைப்புத் துறையினரிடம் கேட்டு ஒழுங்காக அப்புறப்படுத்துங்கள். நைட்ரேட் பிலிமைச் சாதாரணப் பார்சலாக விமானத்தில் அனுப்பக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் வாங்குபவர்கள் இதை விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வினிகர் வாடை வருவது அசிட்டேட் பிலிம், சேஃப்டி பிலிம்களில் ஒரு வகை. அதில் தீ அபாயம் இல்லை. ஆனால் அது சிதைவதை நிறுத்த முடியாது, மெதுவாக்கத்தான் முடியும். பிலிமின் அடித்தளம் சுருங்கச் சுருங்க, மேலே உள்ள படப்படலம் சுருங்காமல் வரிவரியாக மேலெழும்பும். வாடை வருவனவற்றை வாடையில்லாதவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள், ஒன்றின் அமிலம் மற்றதையும் பிடித்துக்கொள்ளும். ராச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனென்ஸ் இன்ஸ்டிட்யூட் இதற்கென்றே சிறு சோதனைத்தாள்களைத் தயாரிக்கிறது. நீலமாக இருக்கும் அந்தத் தாளை உறைகளோடு வைத்தால், அமிலம் ஏற ஏறப் பச்சையாகி மஞ்சளாகும்.

சென்னையைப் பொறுத்தவரை பெரிய எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருப்பது பிலிமுக்கு நல்லது. கடற்கரை ஊரில் இயல்பாக அது கிடைக்காது. நல்ல நிலையில் இருக்கும் அசிட்டேட், பாலியெஸ்டர் பிலிம்களை, கேமரா லென்ஸ் வைக்கும் உலர் பெட்டியிலோ, சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் வைத்த இறுக்கமான பெட்டியிலோ வையுங்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி பயன்படுத்த மறக்காதீர்கள். உறைக்கு அமிலமற்ற தாளோ பாலியெஸ்டரோ போதும். கடையில் கிடைக்கும் பிவிசி பைகள் வேண்டாம். பீரோவில் துணிகளுக்கிடையே அந்துருண்டையோடு நெகடிவ்களை வைப்பதும் கூடாது.

கோயம்புத்தூர் வாசகர்: ஒரு நெகடிவ் எந்த இதழில் வந்த எந்தப் படத்துக்காக எடுத்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

இந்தச் சேகரிப்பின் சுவையெல்லாம் இந்தத் தேடலில்தான் இருக்கிறது. என்னிடம் உள்ள ஓர் உறையை வைத்தே சொல்கிறேன். அதில் சில 4×5 நெகடிவ்கள் இருக்கின்றன. இளம்பெண் ஒருத்தி சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, ஒரு சாப்பாட்டுத் தட்டை இரு கைகளாலும் விளிம்பைப் பிடித்து மார்புக்கு நேரே வைத்திருக்கிறாள். தலை இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. வாய் சற்றே திறந்து, ஏதோ அதட்டுவது போன்ற பாவனை. அடுத்ததில் அதே பெண், அதே தட்டு, ஆனால் கழுத்தில் ஒரு துணி காற்றில் பறப்பது போல நூலால் இழுத்துக் கட்டியிருக்கிறது. படச்சட்டத்தின் ஓரத்தில் நூலைப் பிடித்த ஒரு கையும் தெரிகிறது. மூன்றாவதில் ஓர் ஆண் வெறும் நாற்காலியில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு எதிர்த்திசையில் பார்க்கிறான். தட்டு ஸ்டீயரிங் என்றும், துணி ஸ்கார்ஃப் என்றும், இருவரும் திறந்த காரில் சண்டை போட்டுக்கொண்டு போகிறார்கள் என்றும் புரிந்ததும் பாதி வேலை முடிந்தது. ஓவியத்தில் இருவரும் ஒரே இருக்கையில் இருந்தாலும், மாடல்கள் ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. நிழல் விழும் திசை இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால், ஒரே படத்துக்காக எடுத்தவைதானா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

அதன்பின் தேட வேண்டியது காருக்குள் சண்டையிடும் தம்பதியர் வரும் கதைப்பக்கத்தை. உறைமேல் இதழின் பெயரும் மாதமும் இருந்தால் அந்தப் பழைய இதழை நூலகத்திலோ இணையச் சேகரிப்பிலோ புரட்டினால் போதும். ஒன்றுமே இல்லையென்றால், ஓவியரின் பெயரை வைத்து அவர் படம் போட்ட இதழ்களைத் தொடர வேண்டும். அமெரிக்காவில் வால்ட் ரீட் என்பவர் பல பத்தாண்டுகளாக இதழ்ப் பக்கங்களைக் கிழித்தெடுத்து ஓவியர் வாரியாகச் சேர்த்தார். அந்தச் சேகரிப்பு இப்போது செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. இதழ்களை முழுதாகக் காப்பவர்கள் அப்படிக் கிழிப்பதைக் குறை சொல்வார்கள். ஆனாலும் நம்மைப் போன்றவர்களுக்கு அது பெருங்கொடை.

தேடும்போது இரண்டைக் கவனியுங்கள். நெகடிவைத் திருப்பிப் பிடித்தால் வலது இடதாகும். ஷீட் பிலிமை நெடுக்காக வைத்து வெட்டுத்தடம் மேல் வலது மூலையில் இருக்குமாறு பிடித்தால், மங்கலான படப்படலம் உங்களைப் பார்த்திருக்கும், உருவம் இடவலமாக மாறித் தெரியும். பளபளப்பான மறுபக்கத்திலிருந்து பார்த்தால்தான் சரியான பக்கம். இரண்டாவது, ஓவியரே வேண்டுமென்று உருவத்தை இடவலமாக மாற்றி வரைந்திருக்கலாம், முகத்தை வேறொருவருடையதாக மாற்றியிருக்கலாம். ஆகவே முகத்தை நம்பாதீர்கள். விரல்கள் மடங்கும் விதத்தையும், சட்டையின் முழங்கை மடிப்பையும் ஒப்பிடுங்கள். அவசரத்தில் வரையும் ஓவியர் மடிப்புகளைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்வார்.

லண்டன் வாசகர்: இது அமெரிக்காவில் மட்டும் இருந்த வழக்கமா?

இல்லை. உங்கள் ஊரிலேயே, கென்சிங்டன் பகுதியில் 18, ஸ்டாஃபர்டு டெரஸ் என்ற வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். 1867 முதல் 'பன்ச்' என்ற நகைச்சுவை வார இதழுக்கு வரைந்து, 1901இல் டென்னியலுக்குப் பின் அதன் தலைமைக் கருத்துப்பட ஓவியரான லின்லி சாம்போர்னின் வீடு அது. இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆப்பிரிக்காவின் இரு முனைகளிலும் காலூன்றி நிற்கும் ஆங்கிலேயக் குடியேற்ற ஆட்சித் தலைவர் செசில் ரோட்ஸை 1892இல் வரைந்தவர் அவர்தான். வாரந்தோறும் படம் கொடுக்க வேண்டிய நெருக்கடியில் அவர் 1880களில் கேமராவை எடுத்தார். வீட்டு வேலைக்காரர்களையும் வண்டியோட்டியையும் குழந்தைகளையும் நிற்கவைத்தார். ஆள் கிடைக்காதபோது தாமே நின்றார். பல்லாயிரம் படங்கள் சேர்ந்தன. வெயிலில் வைத்து நீல நிறத்தில் அச்செடுக்கும் சயனோடைப் முறை அவருக்கு எளிதாகவும் மலிவாகவும் இருந்ததால், அவருடைய படங்களில் பல நீலமாக இருக்கும்.

சிங்கப்பூர் வாசகர்: இணைய ஏலத்தில் இத்தகைய நெகடிவ்கள் ஒவ்வொன்றாக விற்பனைக்கு வருகின்றன. வாங்கலாமா? போலிகள் உண்டா?

ஒவ்வொன்றாக வருவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ஒரே உறையில் இருந்த நெகடிவ்களைப் பிரித்து, அழகான முகம் உள்ளதைத் தனியாக ஏலம் விட்டு, வெறும் கையோ வெறும் நாற்காலியோ உள்ளதைக் கழித்துவிடுகிறார்கள். ஓவியருக்கு அந்தக் கையும் நாற்காலியும் முகத்துக்குச் சமமாகவே வேண்டியிருந்தன. பிரித்துவிட்டால் பிறகு எந்த ஆராய்ச்சியாளராலும் அதைக் கூட்டிச் சேர்க்க முடியாது. விற்பவரிடம் உறை இருக்கிறதா, அதே உறையில் வேறு நெகடிவ்கள் இருந்தனவா என்று எழுதிக் கேளுங்கள். இருந்தால், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது மொத்தமாக வாங்குங்கள். பணம் போதாவிட்டால் சிறிய தொகுப்பொன்றை முழுமையாக வாங்குவது, பெரிய தொகுப்பிலிருந்து சிலவற்றைப் பொறுக்குவதைவிட மேல்.

போலி என்பதைவிட, நகல் நெகடிவை மூலம் என்று விற்பது அதிகம். அச்சுப்பிரதியை மறுபடி படமெடுத்த நெகடிவில், அந்தத் தாளின் விளிம்போ, மூலையில் குத்திய குண்டூசியோ, தாளின் சொரசொரப்போ உருப்பெருக்கியில் தெரியும். நிழல்களில் நுணுக்கம் குறைந்திருக்கும். பெயர்பெற்ற ஓவியரின் நெகடிவ் என்று சொன்னால், எந்த வழியாக வந்தது என்பதற்கு எழுத்துச் சான்று கேளுங்கள். ராக்வெல்லின் ஒளிப்படத் தொகுப்பு, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட நெகடிவ்களோடு, ஸ்டாக்பிரிட்ஜில் உள்ள அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் பாதுகாப்பாக இருக்கிறது. அவர் பெயரைச் சொல்லி யாராவது உங்களிடம் விற்க வந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

டொராண்டோ வாசகர்: என்னிடம் உள்ள அமெரிக்க நெகடிவ்களிலிருந்து அச்செடுத்து விற்கலாமா?

நெகடிவ் உங்களுடையது என்பதால் பதிப்புரிமையும் உங்களுடையதாகிவிடாது. 1978இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டம், பொருளின் உடைமை வேறு, படைப்பின் உரிமை வேறு என்று தெளிவாகச் சொல்கிறது. வெளியிடப்படாத ஒளிப்படத்துக்கு, எடுத்தவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். சம்பளத்துக்காக எடுத்ததாகவோ, எடுத்தவர் யாரென்று தெரியாததாகவோ இருந்தால் எடுத்த ஆண்டிலிருந்து 120 ஆண்டுகள். ஓவியரின் குடும்பத்தினரைத் தேடி எழுத்தில் அனுமதி வாங்குவதே நேர்வழி. விற்றபோது எழுதிக் கொடுத்த ரசீதில் உரிமையைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெங்களூரு வாசகர்: என் தொகுப்பில் சில பெண்கள் மிகக் குறைந்த உடையில் இருக்கிறார்கள். உறையில் அவர்கள் பெயரும் இருக்கிறது. இவற்றைப் பிறருக்குக் காட்டுவது முறையா?

ஆடைக்குள் உடல் எப்படி வளைகிறது என்று தெரியாமல் ஆடையை வரைய முடியாது என்பதால், ஓவியர்கள் அப்படி எடுத்தார்கள். அந்தப் பெண் ஓவியருக்காக மட்டும் நின்றாள். அச்சில் வரப்போவது ஓவியம், தன் ஒளிப்படம் அன்று என்ற நம்பிக்கையில்தான் நின்றாள். அந்த நம்பிக்கையை நாம் காப்பாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெயரை உங்கள் பதிவேட்டில் மட்டும் வையுங்கள். இணையத்தில் போடாதீர்கள், ஏல விளம்பரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். எடுத்த சூழலும் கவனிக்க வேண்டியது. மேலே சொன்ன சாம்போர்ன், தெருவில் போன பள்ளி மாணவிகளை அவர்கள் அறியாமல் படமெடுத்திருக்கிறார். ஸ்டூடியோவில் சம்மதித்து நின்றவர்களின் படங்களையும் இத்தகைய படங்களையும் நான் ஒரே வரிசையில் வைக்க மாட்டேன்.

மதுரை வாசகர்: ஸ்கேன் செய்ய எது நல்லது?

மூடியில் விளக்குள்ள பிளாட்பெட் ஸ்கேனர் 4×5 நெகடிவுக்குப் போதும். 2400 டிபிஐயில், 16 பிட் கறுப்பு வெள்ளையில், டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். விளிம்பையும் வெட்டுத்தடத்தையும் சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், வெட்டி ஒதுக்காதீர்கள். கோப்புக்கு உறையின் எண்ணையே பெயராக வையுங்கள். தூசியைக் கையால் அழுத்தும் காற்று ஊதுகுழலால் மட்டும் அகற்றுங்கள். தண்ணீரோ ஸ்பிரிட்டோ வேண்டாம்.

நியூ ஜெர்சி வாசகர் கடிதத்தின் பின்குறிப்பு: எனக்குப் பின் இதை யார் காப்பார்கள் என்று தெரியவில்லை. எங்கே கொடுக்கலாம்?

மேலே சொன்ன செயின்ட் லூயிஸ் நூலகம் ஓவியர்களின் ஸ்டூடியோத் தாள்களை வாங்கிக் காக்கும் இடங்களில் ஒன்று. இதழ் ஓவியர் ஆல் பார்க்கரின் தொகுப்பு அங்கே இருக்கிறது. ஓவியர் வாழ்ந்த ஊரின் வரலாற்றுச் சங்கமும், அவர் படித்த கலைக்கல்லூரியின் நூலகமும் ஆர்வம் காட்டக்கூடும். எங்கே எழுதினாலும் பெட்டியை உடனே அனுப்பிவிடாதீர்கள். உறைகளின் எண்ணிக்கை, பிலிமின் அளவு, உறைமேல் உள்ள எழுத்து, கண்டுபிடித்த இதழ்ப்பக்கம் ஆகியவற்றைப் பட்டியலாக எழுதி, சில ஸ்கேன்களோடு முதலில் அனுப்புங்கள். நைட்ரேட் பிலிம் இருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பல நூலகங்களால் அதை ஏற்று வைக்க இயலாது. ஏற்பவர்கள் எப்படிக் கட்டி, எந்த வழியில் அனுப்ப வேண்டும் என்பதை அவர்களே எழுதித் தெரிவிப்பார்கள். ஓவியரின் பிள்ளைகளோடு உங்களுக்குத் தொடர்பு இருப்பதால், அவர்கள் நினைவில் உள்ள மாடல்களின் பெயர்களையும், ஸ்டூடியோ எந்த அறையில் இருந்தது, யார் படமெடுத்தார் என்பதையும் இந்த மாதமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.